அக்காவின் பக்கத்து ஜன்னல்

ஓடுபாதையின் முனையில் விமானத்தை நிறுத்தி, கிளம்புவதற்கு முந்தைய சோதனைகளில் பாதியை முடித்திருந்தபோதுதான் தேன்மொழி கவனித்தாள், அக்கா இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி இரண்டு முனைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா இது?" என்றாள். "வவுத்த அறுக்குது பாப்பா. நீ பாட்டுக்கு ஓட்டு, நான் இந்தக் கம்பியப் புடிச்சுக்கறேன்." "இது டவுன் பஸ் இல்லக்கா." சொன்ன பிறகு குரல் கொஞ்சம் கடுத்துவிட்டதோ என்று இருந்தது, ஹெட்செட்டில் எல்லாக் குரலும் கடுப்பாகத்தான் கேட்கும், காதுக்குள்ளேயே வந்து நின்று பேசுவது போல, அக்காவுக்கு அது தெரியாதே. தன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு அக்காவின் மடிமேல் குனிந்து வாரை நீளமாக இழுத்தாள். வார் தன் கடைசிவரை வந்த பிறகும் கொக்கி ஒரு விரல் தள்ளியே நின்றது. அக்கா மாதேஸ்வரி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், ஊசி போடும்போது மூடுவது போல. கொக்கி மாட்டியதும் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. கழுத்தோரம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் அவளை இன்னும் ஒரு நொடிகூட உட்கார்த்தி வைக்கக் கூடாது என்ற அவசரத்தில் தேன்மொழி மீதிச் சோதனைகளைக் கண்ணாலேயே ஓட்டிவிட்டு, டவரிடம் அனுமதி கேட்டாள், கிடைத்தது, விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளினாள்.

எழும்புவதற்கு விமானம் வழக்கத்தைவிட நீண்ட தூரம் ஓடியது. சித்திரை வெயில், கொதித்து இளகிய காற்று இறக்கைக்குப் பிடிமானம் கொடுக்காது, இந்த நேரத்துக்கு எந்த மாணவனையும் அவள் மேலே அனுப்பமாட்டாள், விடிந்ததும் போய்விட்டு வந்திருக்க வேண்டும், ஆனால் கொளத்தூர் பஸ்ஸை அக்கா தவறவிட்டாள், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவள் இன்சுலின் போட்டுக்கொண்டு இட்லி தின்ன வேண்டியிருந்தது, நாளைக்குப் போகலாம் என்ற சொல் தேன்மொழியின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. நாளைக்கு, அடுத்த வாரம், மழை விடட்டும், பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொற்கள் தேய்ந்துபோய்விட்டன, இனி அவற்றை எடுக்க அவளுக்கே கூசியது. போன வாரம் அக்கா மகள் கோகிலா ஓசூரிலிருந்து போனில் அழுதாள். "சித்தி, அம்மா உங்ககிட்டச் சொல்லவே இல்லியா? எடது கண்ணு முழுசாப் போயிருச்சாம். சர்க்கரை. வலது கண்ணும் ரொம்ப நாளைக்கு வராதுன்னு கோயமுத்தூர் டாக்டர் சொல்லிட்டாரு." சொல்லவில்லை. அக்கா எதைத்தான் சொன்னாள். அம்மா பக்கவாதத்தில் விழுந்து கிடந்த வருஷங்களிலும் அப்படித்தான், படிக்கிற பிள்ளைக்கு மனசு கலையக் கூடாது என்று, "அம்மா நல்லாருக்குது, கஞ்சி குடிச்சுது" என்பதோடு போனை வைத்துவிடுவாள். அம்மாவைத் தூக்கித் தூக்கி அக்காவின் முதுகு போனது. அங்கன்வாடியில் சமைத்துப் போட்டு, மிஞ்சியதை நேரங்கெட்ட நேரத்தில் தின்று உடம்பு பெருத்தது. இங்கே தேன்மொழி உரிமம் வாங்கினாள், பயிற்சி கொடுக்கிறவளானாள், பத்திரிகையில் போட்டோ வந்தது. முதல் பிள்ளைக்கு மாதேஸ்வரமலைச் சாமியின் பெயரை வைத்த அப்பா, கட்சியில் சேர்ந்த பிறகு பிறந்த இரண்டாவதற்குத் தேன்மொழி என்று வைத்தார். பெயர் மாறியதோடு தலையெழுத்தும் மாறிப்போச்சு என்று அம்மா சொல்வாள், சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், அக்காவும் சிரிப்பாள்.

கீழே ஓமலூர் ரோடும் தென்னந்தோப்புகளும் சிறுத்துக்கொண்டே வந்தன. தூசியும் வெயிலும் கலந்து அடிவானம் பால் திரிந்த மாதிரி இருந்தது. "பயமா இருக்காக்கா?" "பயமென்ன. நீதானே ஓட்டற." கொஞ்ச நேரம் கழித்து அக்காவாகவே பேசினாள். "துணி தொவைக்கறப்ப தெனம் நாலஞ்சு தடவ உங்க ப்ளேன் போவும் பாப்பா. எல்லாத்துக்கும் கை காட்டுவேன். எதுல நீ இருக்கேன்னு தெரியாதில்ல, அதான் எல்லாத்துக்கும்." பண்ணவாடிக்கு மேலே, மேட்டூர் டேம் தண்ணீரின் மேலேதான் பயிற்சிப் பறத்தல். அக்காவின் வீடும் அங்கேதான், தண்ணீர்க் கரையில். எத்தனை ஆயிரம் தடவை அந்த வீட்டின் மேல் போயிருப்பாள், ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. பார்க்க எங்கே நேரம், மாணவனின் கை த்ராட்டிலில் என்ன செய்கிறது, விமானத்தின் மூக்கு எங்கே இருக்கிறது, வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு, உள்ளேயேதான் கண், எப்போதும் உள்ளேதான். தண்ணீரில் நிற்கிற ஒரு பெண் ஒவ்வொரு விமானத்துக்கும் ஈரக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். "எங்க வூட்ட மேலருந்து பாக்கணும்னு ஆச, வேறொண்ணுமில்ல," என்றாள் அக்கா. "தண்ணி நடுவுல அந்த முழுகுன கோயிலு நந்தி தலை தெரியுமாமே இப்ப, வத்திக் கெடக்குதில்ல. கரையில நின்னு பாத்தா எனக்கு இப்பல்லாம் மங்கலாத்தான் தெரியுது." தெரியும் அக்கா, காட்டுறேன், கிட்டத்துல போய் ஒரு சுத்து சுத்துறேன், உன் ஜன்னல் பக்கமாவே, என்று சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் எஞ்சின் சூட்டைக் காட்டும் திரையைப் பார்த்தாள். நான்கு சிலிண்டருக்கும் நான்கு கோடுகள். எப்போதும் ஒன்றுக்கொன்று தோள் உரசிக்கொண்டு பச்சையில் நிற்கும். நான்கும் மஞ்சளில் இருந்தன. மூன்றாவது மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குள் தலையை நீட்டியிருந்தது. வெயில், என்று நினைத்தாள். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம், பாரம், என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் அந்தக் கடைசிச் சொல்லை மனதுக்குள்ளேயே பிடித்து அமுக்கினாள். கை தானாக மிக்ஸ்சரின் சிவப்புக் குமிழுக்குப் போனது. முழுக்க உள்ளே இருக்க வேண்டிய குமிழ் இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது.

அந்தக் குமிழ் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் இருப்பது. உள்ளே தள்ளினால் கூடும், வெளியே இழுத்தால் குறையும். தரையில் மெதுவாக உருளும்போது பாதி இழுத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் பிளக்கில் கரி பிடிக்கும். கிளம்பும் முன்பு முழுக்க உள்ளே தள்ளியாக வேண்டும். முழு விசையில் மேலே ஏறும் எஞ்சினுக்குப் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, குளிர்விக்கவும் வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு பயலிடமும் அவள் இதைத்தான் முதலில் சொல்வாள், நெருப்பு வைக்கிறதும் பெட்ரோல்தான், நெருப்பை அடக்குகிறதும் பெட்ரோல்தான், கஞ்சத்தனம் பண்ணினாயானால் சிலிண்டர் வெந்துபோகும். மறந்த ஒருவனை எல்லோர் முன்பும் நிற்க வைத்து, "ஒரு குமிழைத் தள்ளக் கை இல்லாத உனக்கு இறக்கை எதுக்குடா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கண் கலங்கியது. இப்போது அதே குமிழ் அவள் கண்ணெதிரே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே தள்ளினாள். மெதுவாக, முழுக்க. எஞ்சின் ஒருமுறை கனைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தியது. மூக்கை இறக்கினாள், முன்னால் வரும் காற்று கூடுதலாக உள்ளே பாய்ந்து எஞ்சினைத் தடவட்டும் என்று. த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஏறிக்கொண்டிருந்த விமானம் ஏறுவதை விட்டது. அந்த மாற்றம் வயிற்றுக்குத் தெரியும், படியில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போவது போல. அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னாச்சு பாப்பா?"

"ஒண்ணுமில்லக்கா. எஞ்சின் கொஞ்சம் சூடாயிருச்சு. ஆத்திக்கறேன்."

அக்கா தலையை ஆட்டினாள். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், உடம்பை ஒடுக்கிக்கொண்டாள், இருக்கிற இடத்தைவிடக் குறைவான இடத்தில் உட்காரப் பார்க்கிறவள் போல. பிறகு ஹெட்செட்டில் அந்தக் குரல் வந்தது, தேன்மொழியின் காதுக்குள்ளேயே, மிகச் சின்னதாக. "என் வெயிட்டாலயா?"

வருஷங்களுக்கு முன்னால், கோகிலாவுக்குச் சடங்கு சுற்றிய அன்று. பந்தலில் உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள், தேன்மொழி அப்போதுதான் பயிற்சியாளர் உரிமம் வாங்கி வந்திருந்தாள், வெள்ளைச் சட்டையிலேயே வந்திருந்தாள், யாரோ கேட்டு அப்படி வந்தாளா அல்லது தானாகவே அப்படி வரத் தோன்றியதா, தானாகத்தான். அக்கா ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் பன்னீர்ச் செம்புமாக வந்து, "என்னையும் ஒரு தடவ ஏத்திக்கிட்டுப் போ பாப்பா" என்றாள். "உன்ன ஏத்துனா ப்ளேன் எந்திரிக்காதுக்கா!" பந்தலே சிரித்தது. அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள், சந்தனம் சிந்தும் அளவுக்கு. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தேன்மொழி அதைக் கவனிக்கவும் இல்லை, கேட்காததை யார் கவனிப்பார்கள், கேட்கவில்லையே அப்புறம் போகலாம் என்று தன்னையே சமாதானப்படுத்தவும் அது வசதியாக இருந்தது. இன்று காலையில் பாரக் கணக்குப் போடும்போதுகூட, உன் எடை எவ்வளவு அக்கா என்று கேட்க நா எழாமல், ஒரு எண்ணைத் தானாகவே போட்டுக்கொண்டாள், கூடுதலாகவே போட்டாள், அப்படியும் பாரம் எல்லைக்குள்தான் வந்தது, எப்போதுமே எல்லைக்குள்தான் வந்திருக்கும், இத்தனை வருஷமும். அந்தப் பந்தலில் யாருக்கும் அது தெரியாது. சொன்னவளுக்குத் தெரியும்.

"சீ, அதெல்லாம் இல்லக்கா. வெயிலு."

"ம்."

அந்த 'ம்'மை அவளுக்குத் தெரியும். அம்மா நல்லாருக்குது என்பதற்கு முன்னால் வரும் 'ம்'. கோடு இறங்கியதா. இறங்கவில்லை, மூன்றாவது அங்கேயேதான் நின்றது, மற்ற மூன்றும் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. எஞ்சினின் தாளத்தில் ஏதோ ஒன்று தட்டியதா, அல்லது அது அவள் நெஞ்சா. காதைக் கூர்மையாக்கினாள். கூர்மையாக்கினால் எல்லாமே தட்டும். எத்தனை நேரம் அப்படி ஏறியிருப்போம், வெந்தது எவ்வளவு வெந்தது, உள்ளே பிஸ்டனின் ஓரம் உருகத் தொடங்கியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது, நன்றாகப் போய்க்கொண்டேயிருக்கும், பிறகு போகாது. நின்றால் எங்கே இறங்குவது. கண் தானாகக் கீழே வயல் தேடியது, இடப்பக்கம் ஒரு தரிசு, கல் வரப்பு, அதற்கப்பால் கரும்பு, கரும்பு வேண்டாம், அந்த நீளமான புழுதிக் காடு பரவாயில்லை, உழுதிருக்கிறார்கள். பக்கத்தில் அக்கா. பெல்ட் மூச்சைப் பிடித்து மாட்டிய பெல்ட். மோதினால் அந்த வார் அந்த வயிற்றை என்ன செய்யும். நிமிர்ந்தாள். அப்போதுதான் எதிரே தெரிந்தது. மூக்கை இறக்கியிருந்ததால் எஞ்சின் மூடிக்கு மேலே, மலைகளுக்கு நடுவில், மங்கலுக்குள் ஒரு வெள்ளைக் கீற்று. தண்ணீர். "அக்கா, அதோ..." அக்கா கழுத்தை நீட்டினாள். குட்டையானவள், கருவிப் பலகைக்கு மேல் அவள் நெற்றிதான் எட்டியது. குட்டையான மாணவர்களுக்காகப் பள்ளியில் மெத்தைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அலமாரி நிறைய, ஒன்றை எடுத்துப்போடத் தோன்றவில்லை. "எங்க பாப்பா?" வலக் கண்ணை முன்னால் கொண்டுவர அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள், கோழி பார்ப்பது போல. "தெரியலியே. வெள்ளையா இருக்குதே எல்லாம்." "இன்னும் கிட்டத்துல போனா தெரியும்." சொல்லிவிட்டாள். இன்னும் பத்தே நிமிஷம். போகலாமா. மற்ற கோடுகள் இறங்குகின்றன, மூன்றாவதும் இறங்கிவிடும், இறங்கும், தண்ணீர் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் என்ன ஆகிவிடும், அக்காவின் கண் இன்னும் எத்தனை மாசம். மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய். எஞ்சின் உன்னிடம் ஒரு தடவைதான் சொல்லும் என்று சொல்லியிருப்பாய். தண்ணீர் மேல் நின்றுபோனால் புழுதிக் காடு கிடையாது, அக்காவுக்கு நீச்சல் தெரியும், அந்தக் கரையில் பிறந்தவள், ஆனால் அந்தக் கதவு, அந்தப் பெல்ட். "அக்கா, திரும்பிடலாங்க்கா" என்றாள். "திரும்பிக்க சாமி. உனக்கு எது சரியோ அதச் செய்யி." அந்தச் சொல் முடியும் முன்பே அவள் கை திருப்பிவிட்டது, இடப்பக்கமாக, பழக்கத்தில், ஓட்டுகிறவள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் எப்போதும் திருப்புகிற பக்கம். இடது இறக்கை தாழ்ந்தது, வலது மேலே போனது, அக்காவின் ஜன்னல் நிறைய வெறும் ஆகாயம். திரும்பி முடித்து இறக்கையைச் சமப்படுத்தி ஓடுபாதையின் திசையைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. பாதித் திருப்பத்தில், ஒரே ஒரு மூச்சு நேரம், இறக்கையைச் சமமாக நிறுத்தியிருந்தால் போதும். அந்தத் தண்ணீர் அப்படியே அக்காவின் ஜன்னலில், அவளுடைய நல்ல கண்ணுக்கு நேரே வந்து நின்றிருக்கும். எஞ்சினுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மூச்சு. அவள் இப்போது அந்த மூச்சை விட்டாள். தண்ணீர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

திரும்பிப் போகும் வழியில் மூன்றாவது கோடும் இறங்கத் தொடங்கியது. அவசரப்பட்டுக் குளிரவிடக் கூடாது, வெந்த இரும்பில் தண்ணீர் ஊற்றுவது போல ஆகிவிடும். விசையை இம்மி இம்மியாகக் குறைத்துக்கொண்டு, கோடு பச்சைக்குள் வந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பார்க்காமல் இருப்பதற்கு அது ஒரு வேலை. அக்கா அசையவில்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல், யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருப்பது போல. அவள் நம்பிவிட்டாள். தன்னால்தான் விமானம் திணறியது, தன்னால்தான் தங்கச்சி பாதியில் திரும்பினாள் என்று நம்பிவிட்டாள், பந்தலில் சிரித்ததெல்லாம் சரிதான் என்று அவளுக்குள் இப்போது முடிவாகிக்கொண்டிருக்கிறது, கண் போன பிறகும் அந்த முடிவு போகாது. சொல்லிவிடு. சொன்னால் என்ன, டவர் கேட்கப்போகிறதா, மாணவர்கள் கேட்கப்போகிறார்களா, இரண்டு பேர்தான், ஒருத்தி அக்கா.

"அக்கா. வெயிட்டும் இல்ல, வெயிலும் இல்ல. எம்மேலதான் தப்பு. ஏர்றதுக்கு முன்னால பெட்ரோலக் கூட்டி வெக்கணும், இந்தச் செவப்புக் குமிழு. நான் மறந்துட்டேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்தது உண்மை, தேன்மொழி பார்த்தாள். "நீயா? நீ மறந்தியா?" கிட்டத்தட்டச் சிரித்தாள். "நீ ஒண்ணும் மறக்கறவ இல்லியே பாப்பா. சின்னதுலருந்தே. எப்பப் போயி மறந்தே?"

எப்போது. அவள் பதிலைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, பதில் தானாக எதிரே வந்து நின்றது, குனிந்த முதுகும் எட்டாத கொக்கியுமாக. சோதனையில் பாதி முடிந்திருந்தது. அடுத்தது குமிழ். அந்த இடத்தில்தான் அவள் கை குமிழை விட்டு வாருக்குப் போனது. வேறு ஏதாவது சொல், டவர் கூப்பிட்டது என்று சொல், வேறொரு விமானம் குறுக்கே வந்தது என்று சொல், எதையாவது, சீக்கிரம். ஒரு பொய்யும் வரவில்லை. எஞ்சின் சீராக, ஆரோக்கியமாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண் அக்காவின் பெல்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"பெல்ட்டுப் போடறப்பவா?" என்றாள் அக்கா.

"அதுக்கில்லக்கா, நான்தான், நான் பாத்திருக்கணும், அது என் வேல..."

"சரி சரி. ரோட்டப் பாத்து ஓட்டு." ரோடு எங்கே இருந்தது. அக்கா மீண்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓடுபாதை எதிரே நீளமாகக் கிடந்தது. தேன்மொழி இறக்கினாள், பூப் போல இறக்கினாள், சக்கரம் தொட்டது தெரியாமல், இந்த வருஷத்திலேயே இவ்வளவு நன்றாக அவள் இறக்கியதில்லை, யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கொட்டகை முன்னால் எஞ்சினியர் ஜேக்கப் எஞ்சின் மூடியைத் திறந்து, மூன்றாவது சிலிண்டருக்குள் விளக்கைவிட்டுப் பார்ப்பதற்காகப் பிளக்கைக் கழற்றத் தொடங்கினார். குமிழை மறந்ததை அவரிடம் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "நீங்களா மேடம்?" என்றார், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, சோதித்து முடிக்கும்வரை விமானம் பறக்காது என்று மட்டும் சொன்னார். அக்கா இறக்கையின் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் அழுத்திய இடத்தில் சேலை கசங்கிக் கோடாகியிருந்தது. செல்போன் அடித்தது. கோகிலாதான். அக்கா போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு உரக்கப் பேசினாள். "ஆங், போயிட்டு வந்துட்டோம் கண்ணு. பாத்தேன் பாத்தேன். எல்லாம் பாத்தேன். தண்ணி, மல, நம்ம வூடு, கொடியில காயப்போட்ட துணிகூடத் தெரிஞ்சுது போ. சித்தி ரெண்டு சுத்து சுத்துனா. அழுவாத, நல்லாத் தெரிஞ்சுதுங்கறேன். ஒரு கண்ணு இருந்தாப் போதாதா அதுக்கு." தேன்மொழி தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றாள். போனை வைத்த அக்கா பாட்டிலை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாளன்னிக்கு வேற ப்ளேன்ல போலாங்க்கா. காலையில நேரத்துலயே. தண்ணிக்கு மேலயே போயி..." "வேண்டாஞ் சாமி." கோபமில்லை, வருத்தம்கூட இல்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்ட வீட்டின் அமைதி. "அதான் பாத்தேன்னு சொல்லிட்டேனே அவகிட்ட." பிறகு கொஞ்சம் கிட்டே இழுத்து, ஜேக்கப்புக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "நீ பாத்தியில்ல, அங்க முன்னாடி? நீ சொல்லு. எப்படி இருந்துது? நாளைக்கு ஊருக்குப் போனா அவளுவ கேப்பாளுவ, அங்கன்வாடியில. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திச் சொல்லக் கூடாதில்ல."

தேன்மொழி யோசித்தாள். இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரின் மேல். கரை எந்தப் பக்கம் வளைகிறது, அக்காவின் வீட்டுக்கு ஓடா கூரையா மேலிருந்து எது தெரியும், நந்தி எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பரிசல்கள் எங்கே கட்டியிருக்கும். கண்ணை மூடினால் நான்கு கோடுகள் மட்டும் வந்தன.

"வெள்ளையா இருந்துதுக்கா," என்றாள்.

அக்கா காத்திருந்தாள், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நல்ல கண்ணை அவள் பக்கம் வைத்துக்கொண்டு.

"ம். அப்புறம்?"